லூர்த்தம்மாவின் செவ்வாய்க்கிழமை வாசகர்கள்

அம்மாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை இறால் உடைத்தது. சனிக்கிழமை காலை. அப்பா கடலில் இருந்து ஒரு வாளி நிறையக் கொண்டுவந்திருந்தார். கிணற்றடியில் இரண்டு பேரும் பலகைக்கட்டை போட்டு இருந்தோம். நான் ஒன்று உடைப்பதற்குள் அம்மா மூன்று உடைத்துவிடுவார்.

"நரம்பை எடு பிள்ளை. அப்பிடியே போடுறாய்."

"எடுத்துத்தான் போடுறன்."

"எடுத்தது பாதி. கம்ப்யூட்டரிலையும் இப்பிடித்தானோ வேலை செய்யிறனீ?"

அதற்கு மேல் பெரிதாக ஒன்றும் கதைக்கவில்லை. அடுத்த கிழமை அம்மா இல்லை. இதயம். வைத்தியர் சொன்ன சொல் நீளமானது, இங்கே எழுதவில்லை.

அம்மாவின் பெயர் லூர்த்தம்மா. குருநகரில் பிறந்து, குருநகரிலேயே கலியாணம் செய்தவர். அப்பா கனிசியஸ் கடற்றொழிலாளி. அம்மா தையல்காரி. முதல்நன்மைச் சட்டை தைப்பதில் அம்மாவுக்குத் தனிப் பெயர். பெண்பிள்ளைகள் முதல் தடவை நற்கருணை வாங்கும் நாளில் போடுகிற வெள்ளைச் சட்டை அது. எங்கள் கோயில் பங்கில் பெண்பிள்ளை பிறந்த எந்த வீட்டுச் சுவரிலும் அந்தச் சட்டையோடு ஒரு படம் மாட்டியிருக்கும். பாதிப் படங்களில் இருப்பது அம்மாவின் தையல்.

நான் கணினி வலையமைப்புப் பொறியியலாளர். வெளிநாட்டில் இருந்தும் சட்டைக்கு ஓடர் வரட்டும் என்று அம்மாவுக்கு ஒரு வலைப்பூ தொடங்கிக் கொடுத்தேன். சட்டைப் படங்களாகப் போட்டோம். ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. ஒரு பதிவின் அடியில் அம்மா தானாக இரண்டு வரி சேர்த்தார்: "இந்தச் சட்டை போட இருக்கிற பிள்ளைக்குக் காய்ச்சல். செவ்வாய்க்கிழமை பாசையூர் அந்தோனியாருக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்தினேன்."

மறுநாள் கருத்துப் பெட்டி நிரம்பியிருந்தது. சட்டை என்ன விலை என்று ஒருவர் கேட்கவில்லை. எல்லாரும் கேட்டது ஒன்றுதான். எனக்கும் ஒரு மெழுகுதிரி கொளுத்துங்கோ அக்கா.

அம்மா கொளுத்தினார். விசாவுக்கு, பரீட்சைக்கு, கண் சத்திரசிகிச்சைக்கு, காணாமற்போன பூனைக்கு. ஒவ்வொரு செவ்வாயும் பின்னேரம் கோயிலுக்குப் போய்விட்டு வந்து, பெயர் போடாமல், யாருக்கெல்லாம் கொளுத்தினேன் என்று எழுதுவார். காசு வாங்குவதில்லை. விளம்பரமும் இல்லை. விசா எடுத்துத் தரும் ஒருவர், தன் விளம்பரத்தை வலைப்பூவில் போட முடியுமா என்று கேட்டு வந்தார். நூறு வீதம் உறுதி என்பது அவருடைய வாசகம்.

"அந்தோனியாரே உறுதி தாறேல்லை. இவர் தாறாராம்" என்றார் அம்மா. அத்தோடு அந்தக் கதை முடிந்தது.

வலைப்பூவுக்கு எந்த நாட்டில் இருந்து யார் வருகிறார்கள் என்று காட்டும் பக்கத்தை அம்மாவுக்குக் காட்டிக் கொடுத்தேன். பிழையான வேலை. தினமும் காலையில் அதைப் பார்க்கத் தொடங்கினார்.

"பிள்ளை, பிரேசிலிலை இருந்து ஒராள் ஒவ்வொரு நாளும் வாறார். ஒண்டும் கேக்கிறாரில்லை. பாவம், என்ன கஷ்டமோ."

"அது மனிசன் இல்லை அம்மா. பக்கங்களைத் தேடித் திரியிற ஒரு மென்பொருள்."

"ஒவ்வொரு நாளும் வந்து பாத்திட்டுத்தானே போகுது?"

"ஓம்."

அதற்கும் ஒரு மெழுகுதிரி கொளுத்தப்பட்டது.

சந்தேகப்பட்டவர்களும் இருந்தார்கள். கனடாவில் இருந்து ஒருவர், கொளுத்துகிறீர்கள் என்பதற்கு என்ன ஆதாரம், படம் போடுங்கோ என்று எழுதினார். எனக்கு அது நியாயமாகப் பட்டது. திகதியும் நேரமும் பதிந்த படம் எடுக்கலாம் என்றேன்.

"கோயிலுக்குள்ளை ஃபோனைத் தூக்கிக்கொண்டு நிக்கச் சொல்லுறியே? அந்தோனியார் என்ன நினைப்பார்?"

"அவருக்கு ஆதாரம் தேவையில்லை. வாசகருக்குத்தான்."

"அப்ப வாசகர் வந்து பாக்கட்டும்."

அப்படியே பதில் எழுதினார். தம்பி, படம் இல்லை. ஊரில் உங்கள் ஆட்கள் யாரும் இருந்தால் செவ்வாய்க்கிழமை பின்னேரம் அனுப்புங்கோ, நான் இடப்பக்கத்து மெழுகுதிரித் தட்டடியில் நிற்பேன். அவர் தன் மாமியாரை அனுப்பினார். மாமியார் வந்தார், பக்கத்தில் நின்று எண்ணிப் பார்த்தார், போகும்போது அம்மாவின் காதுக்குள் தன்னுடைய வேண்டுதலையும் சொல்லிவிட்டுப் போனார். மருமகனைப் பற்றியதாக இருக்கும் என்று அப்பா சொன்னார்.

அதன் பிறகு இடப்பக்கத்துத் தட்டடியில் ஆட்கள் வந்து நிற்கத் தொடங்கினார்கள். சுன்னாகத்தில் இருந்து ஒரு சைவ அம்மா திருநீற்றோடு பஸ் ஏறி வருவார். அந்தோனியாரை நம்புவதற்கு ஞானஸ்நானம் தேவையில்லை என்பது எங்கள் ஊரில் யாரும் விளக்கிச் சொல்கிற விடயமில்லை. எனக்கு மெழுகுதிரியில் அவ்வளவு நம்பிக்கை கிடையாது. ஆனால் அம்மா கொளுத்துகிறேன் என்று சொன்னால் கொளுத்துவார். மழை, கர்த்தால் கடையடைப்பு, பஸ் இல்லை, எதுவும் கணக்கில்லை.

பிறகு அந்தப் பிழை நடந்தது.

பாரிசில் இருந்து ஜெனிற்றா என்ற பிள்ளை அம்மாவுக்குத் தனியாக எழுதியிருந்தாள். அவளுக்கு ஒருவரைப் பிடித்திருக்கிறது, வீட்டில் இன்னும் சொல்லவில்லை, மெழுகுதிரி வேண்டும். அவளுடைய தாய் பிலோமினா எங்களுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி இருக்கிறார். அம்மா வழக்கம்போலப் பெயர் போடாமல் எழுதினார்: "பாரிசில் இருக்கும் ஒரு பிள்ளைக்கு, மனதுக்குப் பிடித்த இடத்தில் கலியாணம் சரிவர. இந்தப் பிள்ளையின் முதல்நன்மைச் சட்டைக்கு முத்து வைத்துத் தைத்தது இன்றைக்கும் என் கண்ணுக்குள் நிற்கிறது."

அம்மா முத்து வைத்துத் தைத்தது ஒரே ஒரு சட்டைக்கு. குருநகரார் எந்த நாட்டில் இருந்தாலும் அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறார்கள். பெயரைப் போட்டிருந்தால்கூட எந்த ஜெனிற்றா என்று யாராவது கேட்டிருப்பார்கள். முத்து என்றதும் ஒருவரும் கேட்கவில்லை.

ஞாயிறு பூசை முடிந்த கையோடு பிலோமினா அன்ரி எங்கள் படலையைத் தள்ளிக்கொண்டு வந்தார். கையில் சுவரில் இருந்து கழற்றிய படம். பின்பக்கத்தில் ஒட்டடை கூடத் தட்டவில்லை.

"லூர்த்தம்மா, இது ஆற்றை தையல்?"

"என்ரை."

"கழுத்திலை என்ன கிடக்கு?"

"முத்து."

"இந்தப் பங்கிலை வேறை எந்தப் பிள்ளைக்கு முத்து வைச்சனீ?"

அம்மா படத்தின் ஒட்டடையைத் தட்டத் தொடங்கினார்.

"சொல்லாதை, பரவாயில்லை. ரொறன்ரோவிலை இருந்து மச்சாள் சொல்லிட்டா. லண்டனிலை இருந்து பெரியப்பாவின்ரை மகள் சொல்லிட்டா. பெத்த தாய் எனக்குத்தான் கடைசியாத் தெரிஞ்சிருக்கு. ஆர் பெடியன்?"

"அது பிள்ளைக்கும் எனக்கும் அந்தோனியாருக்கும் உள்ள கதை."

கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த அப்பா தலை நிமிர்த்தாமலே சொன்னார்: "அந்தோனியார் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. உவதான் சொன்னவ."

பிலோமினா அன்ரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்ததை விழுங்கிக்கொண்டு படத்தோடு திரும்பிப் போனார்.

பின்னேரம் ஜெனிற்றாவிடம் இருந்து ஒரு வரி வந்தது. "அன்ரி, உங்களை நம்பித்தானே சொன்னனான்." அம்மா அதை எனக்குக் காட்டினார். வாசகர்களின் செய்திகளில் எனக்குக் காட்டிய கடைசிச் செய்தி அதுதான். அம்மா எடுத்துப் பேசப் பார்த்தார். அவள் ஃபோனைத் தூக்கவில்லை.

"அந்தப் பதிவை எடுத்திட்டன் அம்மா" என்றேன்.

"பாத்த ஆக்களின்ரை கண்ணுக்குள்ளை இருந்தும் எடுத்திட்டியோ?"

தையல் மெசினுக்கு முன்னால் இருந்தார். தைக்கவில்லை. "சட்டை பிழைச்சால் பிரிச்சுத் தைக்கலாம் பிள்ளை. இதை என்னெண்டு பிரிக்கிறது? இனி ஆர் எனக்கு ஒரு கதை சொல்லுவினம்?"

வலைப்பூவை மூடச் சொன்னார். பிறகு மூட வேண்டாம் என்றார். செவ்வாய்க்கிழமை கோயிலால் வந்து இதை எழுதினார்:

"போன கிழமை நான் ஒரு பிழை விட்டேன். என்ன பிழை என்று எழுதினால் அதையே இரண்டாம் தரமும் விட்டதாகிவிடும். இனி ஒருவருடைய கதையும் இங்கே வராது. எத்தனை மெழுகுதிரி என்று மட்டும் வரும். என்னில் நம்பிக்கை விட்டுப்போனவர்கள் போகலாம். கோபிக்க மாட்டேன்."

வேண்டுதல்கள் வருவதற்கென்று தனியாக ஒரு கைபேசி வாங்கினோம். எல்லாம் அமைத்துக் கொடுத்த பிறகு, கடவெண்ணை என்னைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டுப் போட்டார்.

"நீயும் பாக்கக்கூடாது."

"நான்தானே அம்மா செற் பண்ணித் தந்தது."

"ஊராற்றை சட்டையைத் தைக்கிறன். நான் போட்டுப் பாக்கிறனானே?"

வாசகர்கள் குறைந்துவிடுவார்கள் என்று கணக்குப் போட்டேன். கணக்குப் பிழைத்தது. பதிவில் ஒரு எண்ணைத் தவிர எதுவும் இருக்காது. அதைப் பார்க்க முன்னிலும் கூடுதலாக ஆட்கள் வந்தார்கள். தன்னுடைய மெழுகுதிரி அந்த எண்ணுக்குள் இருக்கிறது என்பது கேட்டவருக்குத் தெரியும். அதற்குக் கீழே வேதக்காரர் ஆமென் என்று எழுதுவார்கள். சுன்னாகத்து அம்மா "சரி லூர்த்தம்மா" என்று எழுதுவார்.

ஜெனிற்றா மட்டும் எழுதவில்லை. அம்மா அவளுக்கு ஒவ்வொரு செவ்வாயும் கேட்காமலே கொளுத்தினார். கருத்துப் பெட்டியை யார் யார் என்று பார்ப்பார், பிறகு கண்ணாடியைக் கழற்றி வைப்பார். மழைக்காலம் முழுக்க அப்படித்தான் போனது.

ஒரு நாள் பின்னேரம் அறையால் வெளியே வந்தார், கைபேசி கையில்.

"அவ வந்திட்டா."

"ஆர்?"

"ஆரோ."

அன்றைக்கு ஒரு பெருநாளும் இல்லை. பயத்தம் பணியாரம் சுட்டார்.

ஜெனிற்றாவின் மாப்பிள்ளை கொக்குவில் கஜீபன். நல்ல பெடியன், சைவக்காரர். கொக்குவிலில் தாலி, குருநகரில் ஆசீர்வாதம். மணப்பெண்ணின் சட்டைக்குத் துணியை பிலோமினா அன்ரியே கொண்டுவந்து தந்தார்.

"முத்து வைக்காதை, சொல்லிப்போட்டன்."

"வைச்சால் என்ன?"

"வைச்சால் நீ எழுதுவாய்."

செத்த வீட்டுக்கு அம்மாவின் வாசகர்கள் வந்தார்கள். பாதிப் பேரை எங்களுக்குத் தெரியாது. சவப்பெட்டிக்குப் பக்கத்தில் இருந்து, தாங்கள் எதற்காக மெழுகுதிரி கேட்டார்கள் என்று ஒவ்வொருவராகச் சொல்லத் தொடங்கினார்கள். அம்மா மூடி வைத்ததை அவரவரே திறந்தார்கள். கனடாக்காரரின் மாமியார், தான் கேட்டது மருமகனைப் பற்றித்தான் என்றார். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

பிலோமினா அன்ரியின் முறை வந்தது.

"நான் இந்த மனிசியிட்டை ரகசியமா வந்து கேட்டனான், அந்தக் கலியாணம் நடக்கக்கூடாது எண்டு. என்ரை மகள் அங்கை இருந்து கேட்டிருக்கிறாள், நடக்கவேணும் எண்டு. இப்பதான் அவள் சொன்னவள். ஒரே செவ்வாய்க்கிழமை, ரண்டையும் கொளுத்தியிருக்கிறா. ரண்டு பேரிட்டையும் ஒரு சொல்லுச் சொல்லேல்லை."

அம்மாவின் தங்கை ஸ்ரெல்லா சித்தி மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "பக்கத்திலை பக்கத்திலையோ கொளுத்தினவ?"

"தட்டு ஒண்டுதானே. வேறை எங்கை கொளுத்துறது?"

பெண்கள் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். வெளியே நின்ற பாதர் என்னவோ என்று உள்ளே எட்டிப் பார்த்தார்.

இறந்த நாள் காலையில் அம்மா அப்பாவிடம் சொன்னது இது: "சேமக்காலைக்கு ஒருக்காப் போட்டு வரவேணும். ஒராளுக்கு ஒரு சேதி சொல்லக் கிடக்கு." செத்தவருக்கு என்ன சேதி, எந்தக் கல்லறை என்று அப்பா கேட்கவில்லை. எங்கள் வீட்டில் அப்படிக் கேட்கும் வழக்கம் விட்டுப்போய்விட்டது. அம்மா குடையை எடுத்து வாசலில் சாத்தினார். தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகலாம் என்று கதிரையில் இருந்தார். எழும்பவில்லை.

அம்மா போன செய்தியை வலைப்பூவில் போட்டிருந்தேன். எல்லாரும் பார்க்கவில்லை. நேற்று, வீட்டில் புனிதர் சுரூபங்கள் நிற்கும் தட்டில் வைத்திருந்த அம்மாவின் கைபேசி வெளிச்சம் காட்டியது. பூட்டிய திரையில் முதல் வரி மட்டும் தெரிந்தது: "லூர்த்தம்மா அக்கா, அப்பாட்டைச் சொல்லிட்டீங்களோ?" பெயர் இல்லை, வெளிநாட்டு இலக்கம். மிச்சம் உள்ளே இருக்கிறது. கடவெண் எனக்குத் தெரியாது. அது இல்லாமல் திறக்கத் தெரியும். திறக்கவில்லை.

அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடி போட்டு வாசித்தார்.

"இப்ப சேமக்காலையிலைதானே கிடக்கிறா. நேரை சொல்லியிருப்பா."

வலையை எடுத்து மடியில் போட்டார். ஒரு கிழிசலைப் பொத்திவிட்டு, "எதுக்கும் நீயும் ஒருக்காப் போட்டு வா" என்றார்.

அம்மாவின் குடையை எடுத்தேன். யாருடைய அப்பா என்று தெரியாது. என்ன சேதி என்றும் தெரியாது.