பெயரில்லாத சுண்ணாம்புக்கல்

மல்வேர்ன் போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்த பெண்ணின் மடியில் ஒரு சுண்ணாம்புக்கல். சப்பாத்து முழுக்கச் சேறு. அடிக்கடி விரலை நாக்கில் தொட்டுக் கல்லை நனைப்பாள். உடனே உள்ளே பழங்காலச் சிப்பிகள் தெரியும்.

நான் போனில் மாமியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். மகள் பிறந்து இருபத்தைந்து நாள். முப்பத்தோராம் நாள் பெயர் வைக்கவேண்டும். சாதகம் பார்த்துச் சாத்திரியார் தந்த எழுத்துகளோ டி, டு, டே, டோ.

போனை வைத்ததும் பக்கத்துப் பெண் சொன்னாள்: "இந்தக் கல் எடுத்த பாறை அடுக்கை ஆறு வருசமா ஆராயிறன், இன்னும் பேரில்லை, அண்ணை. முதல் விவரிக்கோணும். நிறம், தடிப்பு, மேலை என்ன, அடியிலை என்ன. பிறகுதான் பேர். வேறை பாறைக்கு அந்தப் பேர் இருக்கவும் கூடாது."

"எங்கட சொந்தத்துக்குள்ளையே மூண்டு டிலானி இருக்கினம், தங்கச்சி."

"பிள்ளை எப்பிடி இருப்பா?"

"ஆயிலியம்."

"அது நட்சத்திரம். நான் பிள்ளையைக் கேட்டனான்."

என் தரிப்பு வந்தது. இறங்கினேன்.

வீட்டுக்கு வந்ததும் தொட்டிலருகே நின்று, பஸ்ஸில் அவள் சொன்னபடியே மகளைப் பார்த்தேன். மேலே அடர் கறுப்பு. நடுவில் இளஞ்சிவப்பு, மடிப்பு மடிப்பாக. அடி, நல்ல ஈரம்.