பாய் புடிச்ச காத்து

இதத் தெரிஞ்சி உனக்கு என்னா ஆவப்போவுது? வேற வேலையே இல்லியா? சரி, கேட்டுத் தொலை.

இண்டூர்லருந்து பொம்மிடிக்கு மவ வூட்டுக்கு எம்மவன் காருல கெளம்புனோம். டிக்கி நெறைய புளி மூட்டை. மேடுபள்ளத்துல என் இடுப்பு ஒடியுதுன்னு, காலையிலயே யாருக்கும் தெரியாம கொண்டை ஊசியால வால்வ அமுக்கி, பின்டயர்ல பாதிக் காத்த எறக்கி வுட்டுட்டேன். வண்டி மெத்தை மாதிரி போவும்னு நெனப்பு.

பாதி வழியில, கொளுத்தற வெயில்ல டயரு டமார்னு வெடிச்சி, வண்டி வேலியில முட்டி நின்னுச்சி. நல்லவேளை, யாருக்கும் அடியில்ல.

ஸ்டெப்னிய மாட்டிக்கிட்டு மவன் நேரா, முந்தின நாளு காத்து புடிச்ச எங்கூரு பாயோட பஞ்சர் கடைக்கே திருப்புனான்.

"என்னா பாய், காத்து புடிக்கிற லட்சணமா இது? ஊரு பூரா சொல்லி உங்க கடைய மூட வெக்கிறேன்."

பாய் கிழிஞ்ச டயர விரிச்சிக் காட்டுனாரு. "கம்மிக் காத்துல லோடோட ஓடி, சூடேறி வெடிச்சிருக்குங்க. நான் சரியாத்தான் புடிச்சேங்க."

எனக்கே என் மேல எரிச்சலா வந்துச்சி. கொண்டை ஊசிய உருவி அவரு மேசை மேல வெச்சேன். "இடுப்பு வலிக்குதுன்னு நான்தான்டா எறக்கி வுட்டேன்."

மவன் பல்லக் கடிச்சான். பாய், "இடுப்பு வலிச்சா மெதுவா ஓட்டச் சொல்லுங்க ஆத்தா, டயர வுட்டுடுங்க"ன்னாரு.

ஊருல வந்து கேட்டவங்ககிட்டல்லாம், "பாய் புடிச்ச காத்து நல்ல காத்துதான். உங்க வண்டிய மட்டும் எங்கூட்டு வாசல்ல நிறுத்தாதீங்க"ன்னேன்.