மட்டாஞ்சேரியில் காய்ந்த ஈரச்சாக்கு

மட்டாஞ்சேரிக்கு வந்த புதிதில், சாயாக் கடைக்காரர் காலையில் என்னைக் கண்டதும் "சுகமல்லே?" என்பார். உடம்பு சரியில்லையா என்று கேட்கிறார் போலும், இவருக்கு எப்படித் தெரிந்தது என்று திகைத்துப் போவேன். மலையாளத்தில் நலந்தானே என்பதுதான் அதன் பொருளாம். அது விளங்க ஒரு மாதம் ஆயிற்று.

திகைப்புக்குக் காரணம் உண்டு. எனக்குச் சுகமில்லாமல் நான்கு வருடம் ஆகியிருந்தது. சங்கரன்கோவிலில் இருந்தபோதே தொடங்கியது. டைல்ஸ் ஒட்டுகிற கை ஓடும், மனம் ஓடாது. சாப்பாட்டில் ருசியில்லை, யாரிடமும் பேச்சில்லை. கோவிலில் கயிறு கட்டினார்கள். இடம் மாறினால் சரியாகும் என்றார்கள். மாறியும் ஆகவில்லை. மனைவி செல்விதான் சுள்ளிக்கல்லில் ஒரு கிளினிக்குக்கு அழைத்துப் போனாள். டாக்டர் மாத்திரை எழுதி, வாரம் ஒருமுறை கவுன்சலர் பீனாவிடம் பேசச் சொன்னார்.

முதல் நாள் பீனா மேடம், "மனசில் விஷமம் உண்டோ?" என்றார்.

"நான் ஒரு விஷமமும் பண்ணலையே மேடம். வேலைக்குப் போறேன், வீட்டுக்கு வாறேன்."

செல்வி வாயைப் பொத்திக்கொண்டாள். "வருத்தம் இருக்கான்னு கேக்காங்க." மேடத்துக்கும் விஷயம் புரிந்ததும் மூவரும் சிரித்துவிட்டோம். நான் சிரிப்பதைச் செல்வி அதிசயமாகப் பார்த்தாள்.

"நீங்க தமிழில்தன்னெ பறயணும். மெல்லப் பறஞ்சா எனக்கு மனசிலாகும்" என்றார் மேடம்.

"ஈரச்சாக்கைப் போத்திக்கிட்டு நடக்காப்ல இருக்கு" என்றேன்.

அதை அப்படியே மலையாள எழுத்தில் குறித்துக்கொண்டார். அதன்பின் நோயின் பெயரை அவர் சொல்லவே இல்லை. "சாக்கு எத்தர உணங்கி?" என்று, எவ்வளவு காய்ந்தது என்பதை மட்டுமே கேட்பார்.

மனதில் தோன்றுவதைத் தினமும் நோட்டில் எழுதச் சொன்னார். என்னைப் பற்றி நானே எழுதக் கூச்சமாக இருந்தது. நோட்டு வெறுமையாகவே கிடந்தது. மேடம் கோபிக்கவில்லை. அன்றாடம் கண்ட ஒன்றைச் சாப்பிடும்போது செல்வியிடம் சொன்னால் போதும் என்று மாற்றிக்கொடுத்தார். பல நாள் "ஒண்ணுமில்ல" என்றே சொன்னேன். ஒருநாள், ஆடு ஒன்று மசாலாக் கிட்டங்கிக்குள் புகுந்து சுக்கைத் தின்றுவிட்டு, தெரு முழுக்கத் தும்மிக்கொண்டே போனதைச் சொன்னேன். செல்விக்குச் சிரித்துப் புரையேறிவிட்டது. அப்போதுதான் மீன்குழம்பில் புளி தூக்கல் என்று என் நாக்குக்குத் தெரிந்தது. அதையும் சொன்னேன்.

"அப்பாடா, குறை சொல்லிட்டீங்க" என்று அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மாத்திரை தொடர்கிறது. ஈரம் திரும்பும் நாட்களும் உண்டு. அந்த நாட்களிலும் இப்போது பேசுகிறேன்.

போன மாதம் ஊருக்குப் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கியதும் கூட்டாளிகள் "சேட்டன் வந்துட்டாருடே" என்றார்கள். நான்கு நாள் கழித்து இங்கே திரும்பினால், கூட வேலை செய்யும் மலையாளிகள் "அண்ணாச்சி எத்தியோ?" என்று, வந்து சேர்ந்தாயிற்றா எனக் கேட்டார்கள். இரண்டு இடத்திலும் கையைத் தூக்கி, "வந்தாச்சு" என்றேன்.