புறாவுக்கு வைத்த வெடி

2003 குளிர்காலம். ஒஸ்லோவுக்கு வெளியே ஒரு பண்ணையில் நண்பன் சிவா வேலை செய்தான். மாட்டுத் தீவனத்தில் எச்சமிடும் புறாக்களை இரவில் காற்றுத் துப்பாக்கியால் சுடுவதும் அவன் வேலை. டோர்ச் பிடிக்க நான் பகிடி விட்டுச் சிரித்தபடி வீரனைப்போல் போனேன்.

'டப்' என்றது. அடுத்த கணம் டிராக்டருக்கு அடியில் குப்புறக் கிடந்தேன். யாழ்ப்பாணத்தை விட்டு வந்துவிட்டோம் என்று உடம்புக்கு யாரும் சொல்லவில்லை போலும். வெளியே வரப் பார்த்தால், தொந்தி இரும்புக்குள் இறுகிவிட்டது. மூச்சு முட்டியது. ஷெல்லுக்குத் தப்பியவன் புறாவெடிக்குச் செத்தான் என்று ஊர் சிரிக்குமே என்ற பயம் வேறு.

"மச்சான், வெடி புறாவுக்கடா."

"தெரியும். இறுகிப்போனன்."

சிவா சிரிக்கவில்லை. "மூச்சை விட்டிட்டு இடது தோளைச் சரிச்சு வா."

வந்துவிட்டேன். "உனக்கு எப்பிடித் தெரியும்?"

"முதல்நாள் நானும் உதுக்குள்ளைதான் கிடந்தனான்."

பயந்தாங்கொள்ளி நான் ஒருவன்தான் என்று நினைத்து, அதை மறைக்கத்தான் இத்தனை காலமும் பகிடி விட்டுக்கொண்டிருந்தேன்.