கருவியில் பதிந்த பெயர்

ககாயன் தே ஓரோ நகரத்தின் அந்தப் பெரிய மருத்துவமனையில் நர்ஸுகள் பெர்லித்தாவுக்கு வைத்திருந்த பெயர் ‘பூட்டு’. வார்டு வார்டாக, படுக்கை அருகிலேயே விரலைக் குத்திச் சர்க்கரை பார்க்கும் நாற்பத்தோரு சிறு கருவிகளும் அவள் பொறுப்பு. கருவியைத் தொடுகிற நர்ஸ் முதலில் தன் அடையாள அட்டையை அதற்குக் காட்ட வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை பெர்லித்தாவிடம் செய்துகாட்டித் தேறாதவளின் அட்டைக்குக் கருவி திறக்காது. யார் பார்த்தார்கள், எத்தனை மணிக்கு, என்ன எண் வந்தது என்பதெல்லாம் அதற்குள் பதிந்துவிடும். யார் கெஞ்சினாலும் அழிக்க முடியாது.

அவளுக்கு வயது ஐம்பத்தாறு, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பாதி ஆயுளைக் கீழ்த்தளத்து ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் கழித்தவள். சர்க்கரை பார்க்கும் வேலை கூடத்தை விட்டு வார்டுக்குப் போனபோது, மருத்துவமனையைச் சோதிக்க வரும் ஆய்வாளர்கள் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டியிருந்தது. மற்றவர்கள் நழுவிவிட, இவள் மாட்டிக்கொண்டாள். மாட்டிக்கொண்ட வேலையைத்தான் இவள் உயிராகப் பிடித்துக்கொண்டாள் என்பது வேறு விஷயம். காலை ஆறு மணிக்கே அளவு தெரிந்த திரவத்தை ஒவ்வொரு கருவியிலும் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பாள். எண் பிசகினால் கருவியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடையைக் கட்டுவாள்.

“செத்து சொர்க்கத்துக்குப் போனாலும், வாசல்ல நிக்கிற பேதுருகிட்ட அட்டை எங்கய்யான்னு கேப்பாங்க நம்ம மேடம்” என்பாள் ஜோவெலின், மூன்றாம் மாடி வார்டு நர்ஸ். பெர்லித்தாவின் முகத்துக்கு நேராகவே சொல்லக்கூடியவள் அவள் ஒருத்திதான். அவளுக்கு மட்டும் பெர்லித்தாவிடம் ஒரு சலுகை உண்டு. அதைப் பெர்லித்தா ஒப்புக்கொள்ளத்தான் மாட்டாள்.

அக்டோபரில் பெர்லித்தா டெங்குவில் ஒரு வாரம் படுத்துவிட்டாள். ஜோவெலினின் வருடத் தேர்வு அந்த வாரத்தில்தான் வந்திருந்தது. திரும்பி வந்த அன்று மதியச் சாப்பாட்டு வேளையில் ஜோவெலின் மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

“மேடம், கருவி என் அட்டைக்குத் தொறக்கமாட்டேங்குது. பதினொரு பேருக்குச் சாப்பாட்டுக்கு முன்னாடி பாத்தாகணும். இன்னொருத்தி லீவு. நான் என்ன பண்ணட்டும்?”

“நாளைக்கு வா, தேர்வு வைக்கிறேன்.”

“நாளைக்கா? அதுவரைக்கும் அவங்களப் பட்டினி போடவா? காய்ச்சல்ல படுத்தது நீங்க, தண்டனை எனக்கா?”

அந்தக் கேள்வி பெர்லித்தாவைச் சுட்டது. கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றி நீட்டினாள். “இந்த ஒரு வேளைக்கு மட்டும்.” இத்தனை வருடத்தில் அவள் அப்படிச் செய்ததே இல்லை.

ஒன்பதாவது படுக்கையில் சிப்ரியானோ இருந்தார், ஜீப்னி வண்டியில் ஆளேற்றி ஓட்டிப் பிழைத்தவர். காலில் ஆறாத புண். மகள் ரோவேனா கமிகின் தீவிலிருந்து வந்த, தோலில் பிசின் வடியும் இனிப்பான லான்சோனஸ் பழம் ஒரு பை வைத்துவிட்டு, மருந்து வாங்க வெளியே போயிருந்தாள். மூன்று நாளாகவே வார்டுக் குழாயில் தண்ணீர் வரவில்லை. ஜோவெலின் அவர் விரலைச் ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துவிட்டுக் குத்தினாள். கருவி காட்டிய சர்க்கரை நானூற்றுப் பன்னிரண்டு. எண்ணுக்கு ஏற்ற இன்சுலினை டாக்டர் எழுத, ஜோவெலின் போட்டாள். முக்கால் மணி நேரத்தில் சிப்ரியானோவுக்கு வியர்த்துக் கொட்டியது. அப்புறம் கண்ணைத் திறக்கவே இல்லை. மூன்றாம் நாள் போய்விட்டார்.

விரல் குத்துவதற்கு இருபது நிமிடம் முன்புதான் அவர் கையிலிருந்து எடுத்த ரத்தம் பரிசோதனைக் கூடத்துக்கு வந்திருந்தது. அதில் சர்க்கரை நூற்று இருபத்தாறுதான்; அத்தனை இன்சுலின் தேவையே இல்லை. பெர்லித்தா அதை இரண்டு முறை பார்த்தாள். பிறகு ஜோவெலினைத் தனியே அழைத்தாள்.

“அவர் பழம் தின்னாரா?”

“ஒண்ணுகூடத் தின்னல மேடம். உரிச்சு உரிச்சு சாப்பாட்டு டப்பா மூடில வெச்சிட்டிருந்தாரு. யாருக்குன்னு கேட்டேன். மகளுக்காம். அவ விரல்ல பிசின் ஒட்டுனா வேலை பாக்கற கடைல துணி மடிக்க முடியாதாம். அவர் விழுந்த அவசரத்துல எல்லாத்தையும் குப்பைல தள்ளிட்டாங்க.”

விரலில் பழச்சாறு; கருவி காட்டியது அதன் சர்க்கரையை. ஸ்பிரிட் அதைப் போக்காது, தண்ணீர்தான் போக்கும். வருடா வருடம் பெர்லித்தா தொண்டை வறளச் சொல்லும் பாடம் அது. அந்த வருடம் ஜோவெலினுக்கு மட்டும் சொல்லாமல் விட்டிருந்தாள்.

கூடத்துத் தலைவர் டாக்டர் பெனால்டோ ஒரு தாளை நகர்த்தினார். நோயாளி பழம் தின்றார், சர்க்கரை ஏறியது, கருவி சரியாகவே காட்டியது என்று அதில் இருந்தது.

“கருவியில உங்க பேருதான் இருக்கு பெர்லித்தா. கையெழுத்துப் போடுங்க. அடுத்த வாரம் ஆய்வாளருங்க வராங்க. அட்டை கை மாறுச்சுன்னு தெரிஞ்சா நாற்பத்தோரு கருவியும் போச்சு, உங்க உரிமமும் போச்சு. ஜோவெலினுக்குக் கெடச்சிருக்கற ஜெர்மனி வேலையும் போச்சு. போன மனுஷன் திரும்பவா வரப்போறாரு?”

கையெழுத்துப் போடாமல் பெர்லித்தா தாளை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. மறுநாள் மதியம் சிப்ரியானோவின் சாவு வீட்டுக்குப் போனாள்.

சவப்பெட்டிக்குப் பக்கத்தில் மெழுகுவத்தி. வாசலில் பிஸ்கட்டும் காப்பியும், அந்த ஊர்ச் சாவு வீட்டு வழக்கப்படி சீட்டாட்டமும். வருகிறவர்களிடமெல்லாம் ரோவேனா ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தாள். “பழம் தின்னுதான் சர்க்கரை ஏறிச்சுன்னு ஆஸ்பத்திரில சொன்னாங்க. நான் வாங்கிக் குடுத்த பழந்தான். நானே எங்கப்பாவக் கொன்னுட்டேன்.” பெட்டியின் தலைமாட்டில் சிப்ரியானோவின் மனைவி சிலையாக உட்கார்ந்திருந்தாள். சாவு நடந்ததிலிருந்து அவள் மகளிடம் ஒரு வார்த்தை பேசவில்லையாம். பக்கத்து வீட்டுக்காரி காதைக் கடித்தாள்.

பெர்லித்தா காப்பியைக் கீழே வைத்தாள். எழுந்து போய் ஜோவெலினுக்கு போன் செய்தாள்.

“உண்மைய எழுதப் போறேன்.”

“என் பேரும் வருமா மேடம்?”

“வரும். மொதல்ல என் பேரு. அட்டைய நீட்டுனது நான்.”

“நீங்க ரிட்டயர் ஆகப்போறவங்க. எனக்கு இனிமேதானே எல்லாம்?” என்று ஜோவெலின் அழுதாள். அந்தப் பெண் தன்னை மன்னிக்கமாட்டாள் என்பது பெர்லித்தாவுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

மருத்துவமனைக்குத் திரும்பி நடந்ததை நடந்தபடி எழுதி, பெனால்டோவின் மேஜையில் வைத்துவிட்டு, மறுபடியும் சாவு வீட்டுக்கு வந்தாள். ரோவேனாவை வேலியோரம் அழைத்து எல்லாவற்றையும் சொன்னாள்.

“உங்கப்பா ஒரு பழமும் தின்னலம்மா. உனக்காக உரிச்சாரு. கையக் கழுவிட்டுக் குத்தியிருக்கணும். நாங்க கழுவல. தப்பு எங்களோடது.”

ரோவேனா அவளை வெறித்தாள். கை ஓங்கியது போலவும் இருந்தது. பிறகு பெர்லித்தாவின் முழங்கையை வலிக்கும்படி பற்றி இழுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

“அம்மாகிட்ட சொல்லுங்க. நான் சொன்னா நம்பமாட்டாங்க.”

சீட்டாட்டம் நின்றுவிட்டது. எல்லோர் முன்னாலும், பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, பெர்லித்தா மறுபடியும் அதே வார்த்தைகளைச் சொன்னாள். பெயர்களையும் சொன்னாள். அந்தக் கிழவி கடைசிவரை கேட்டாள். பெர்லித்தாவை ஏறிட்டும் பார்க்கவில்லை. அவளைத் தாண்டி மகளைப் பார்த்துக் கேட்டாள்:

“ரோவேனா, நீ எதாச்சும் சாப்டியா?”