தங்கமணி அம்மா தேடிய படிக்கட்டு

கட்டடம் பார்க்கும் நம் குழுவில் அந்தப் படம் வந்தபோது நான் நம்பவில்லை. மாலை போட்ட புகைப்படம், கீழே கணியூர் தங்கமணி அம்மா காலமானார் என்று ஒரே வரி. வாட்ஸ்அப்பில் வருவதை விசாரிக்காமல் நம்பாதீர்கள் என்று நம்மைக் கடிந்துகொண்டவரே அவர்தான். அவருடைய எண்ணுக்கே போன் செய்தேன். மகள் எடுத்தார். "ஆமாங்க சார். காப்பி குடிச்சுட்டு உக்காந்தவங்க, எந்திரிக்கவே இல்லீங்க."

அவரோடு நடந்து கட்டடங்களைப் பார்த்தவர்களுக்கு அவரைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் முதல் வருடம் அவரை நான் எப்படி நடத்தினேன் என்பது உங்களில் பலருக்குத் தெரியாது.

சாதாரண நாட்களில் உள்ளே விடாத கட்டடங்களைச் சனி, ஞாயிறு இரண்டு நாள் எல்லோருக்கும் திறந்துவிடுவது என்று கட்டடக் கலைஞனான நான் ஏற்பாடு செய்த முதல் நிகழ்ச்சி அது. ஒரு பழைய பஞ்சுக் கிடங்கு, மூடிக்கிடந்த ஒரு சினிமா தியேட்டர், தெற்கிலிருந்து வந்த குடும்பங்கள் கட்டிய ஒரு சர்ச், பெருமாநல்லூர் ரோட்டில் ஒரு பனியன் கம்பெனி. கம்பெனிக்காரர்களைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரும்பாடு. திருப்பூரில் நோட்டும் கையுமாக யார் வந்தாலும் ஆடிட்டுக்கு வந்தவர் என்றோ, டிசைன் திருட வந்தவர் என்றோதான் நினைப்பார்கள். "எந்த பையர் அனுப்புனாங்க?" என்று, சரக்கு வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியின் ஆளாக நினைத்து என்னையே கேட்டார்கள். நான் அப்படிப்பட்டவன் இல்லை என்று ஒவ்வொருவரிடமும் சொல்லி நம்ப வைத்திருந்தேன்.

சனிக்கிழமை காலை பெயர்ப் பதிவில் தொழில் என்ற இடத்தில் வெறும் கோடு போட்டுவிட்டு உள்ளே வந்தார் தங்கமணி அம்மா. அறுபது வயதிருக்கும். கிடங்கில் எல்லோரும் அண்ணாந்து தேக்கு உத்தரங்களைப் பார்த்தபோது அவர் கதவுகளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். தியேட்டரில் வயதான வாட்ச்மேனிடம், "தீ கீ புடிச்சா சனம் எந்த வழியாப் போகுமுங்க சாமி?" என்று கேட்டார். சர்ச்சில் நான் வண்ணக் கண்ணாடிகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, அவர் வெளியே சுவரை ஒட்டி நடந்துகொண்டிருந்தார். உள்ளே வந்து பாருங்கள் என்றேன். "அழகு எங்கீம் ஓடிப்போகாதுங்க. மொதல்ல வழியப் பாக்கோணும்," என்றார்.

அன்று மாலை பனியன் கம்பெனி மேனேஜர் போன் செய்தார். "யாருங்க சார் அந்தம்மா? நாளைக்கு உங்ககூட வர்றதாச் சொல்லிட்டு எங்க காம்பவுண்டைச் சுத்திச் சுத்தி நடந்துட்டுப் போறாங்க." எனக்கும் சந்தேகம் பற்றிக்கொண்டது. நான்கு பேரிடம் விசாரித்தேன். யாருக்கும் அவரைத் தெரியவில்லை. மறுநாள் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து நேராகவே கேட்டேன். "அம்மா, உங்களை யார் அனுப்பினாங்க?"

"உங்களை யாருங்க அனுப்புனது?" என்று திருப்பிக் கேட்டார்.

அந்தக் கம்பெனிக் கட்டடம் எனக்கு மிகவும் பிடித்தது. ஓட்டை விட்டுக் கட்டிய செங்கல் சுவர் வழியே தையல் கூடமெங்கும் வெளிச்சம் விழும். எல்லோரும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். தங்கமணி அம்மா மட்டும் உதடு அசையத் தப்படி எண்ணி நடந்து முடித்து மேனேஜரிடம் வந்தார். "வெளிய அறுவத்திரெண்டு தப்படி வந்துச்சுங்க. உள்ள அம்பத்திமூணுதான் வருது. மிச்சம் எங்கீங்க?"

"செவுரு கொஞ்சம் தடிமனுங்கம்மா."

"ஒம்பது தப்படிக்கா?"

கூட்டம் சிரித்தது. நான் அவரைத் தனியே அழைத்து, "எங்களை நம்பித் திறந்திருக்காங்க, தொந்தரவு பண்ணாதீங்க," என்றேன். அவர் மேல்மாடிக்கு ஏறத் தொடங்கினார். அது நாங்கள் பார்க்கும் பட்டியலில் இல்லாத தளம். நானும் மேனேஜரும் பின்னாலேயே ஓடினோம்.

படி முடியும் இடத்தில் மடக்குக் கம்பிக் கதவு பூட்டியிருந்தது. உள்ளிருந்து ஒரு பெண்குரல் இந்தியில், "தீதி, தாலா கோலோ," பூட்டைத் திற அக்கா, என்றது. ஈரத் தலையோடு ஒரு பெண் கம்பியருகே வந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் பல முகங்கள்.

"லேடீஸ் ஹாஸ்டலுங்க சார், இங்க வேலை செய்யற வடநாட்டுப் புள்ளைங்க. ரெண்டு மணி நேரத்துக்குத்தான் பூட்டினோம். துணி காயப்போடுவாங்க, குறுக்க மறுக்க நடப்பாங்க. இடம் நீட்டா இருக்கோணும்னு நீங்கதான சொன்னீங்க?" என்றார் மேனேஜர்.

சொல்லியிருந்தேன்.

"வடக்கால இன்னொரு படி இருக்கோணுமே?" என்றார் தங்கமணி அம்மா. கம்பிக்குள்ளிருந்த பெண் நடையின் கோடியைக் கை காட்டினாள். அங்கே படி இல்லை, புதிதாகப் பூசிய ஒரு சுவர் இருந்தது. படி இறங்கும் இடத்தை ஒவ்வொரு தளத்திலும் இப்படி அடைத்துவிட்டு, கீழே அந்த ஒன்பது தப்படி இடத்தில் அட்டைப்பெட்டி அடுக்கி வைத்திருந்தார்கள் என்பது பிறகு தெரிந்தது.

தங்கமணி அம்மா அந்த மேல்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "தொறக்கற வரைக்கும் நா எறங்க மாட்டேனுங்க."

"நீங்க சொல்லுங்க சார்," என்று மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அம்மா, முதல்ல கீழ போய்ப் பேசிக்கலாம்." அதற்குள் சத்தம் கேட்டு மற்றவர்கள் மேலே வந்துவிட்டார்கள். அவர்கள் கையில் படம் பிடித்துக்கொண்டிருந்த போன்களைப் பார்த்த பிறகுதான் சாவி வந்தது.

திரும்பும்போது அவரே பேசினார். "அந்தக் கட்டடத்துக்குப் பிளான் வரைஞ்சது நாந்தான் கண்ணு." ஒரு இன்ஜினியர் அலுவலகத்தில் வரைபடம் வரையும் வேலையில் இருந்தவர் அவர். "வடக்குப் படி அப்ரூவலுக்காகப் போட்டது. அனுமதி வந்தொடனே அடச்சுருவாங்கன்னு ஆபீசுலயே பேசிக்கிட்டாங்க. தெரிஞ்சேதான் கோடு போட்டேன்."

"முதல்லயே என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா என்னைய பஸ்ல ஏத்தியிருப்பீங்களா?"

ஏற்றியிருக்க மாட்டேன். இருந்தும் எனக்குக் கசந்தது. தன் மனப்பாரத்தை இறக்க என் நிகழ்ச்சியைப் பயன்படுத்திக்கொண்டார் என்று பல நாள் நினைத்தேன். அவர் தன் பெயரில், தான் வரைந்ததையும் ஒப்புக்கொண்டு அதிகாரிகளுக்குப் புகார் எழுதினார் என்று தெரிந்த பிறகுதான் அந்தக் கசப்பு விட்டது. சில மாதங்களில் சுவரை இடித்தார்கள். அந்தக் கம்பெனி மறுபடி நமக்குக் கதவு திறக்கவில்லை. வேறு சிலரும் மறுத்தார்கள். இடித்த சேதி கேட்டு நாங்கள் இருவரும் போய் ரோட்டிலேயே நின்றோம். வெகுநேரம் கழித்து ஒரு பெண் வாளியோடு வடக்குப் படியில் இறங்கி வந்தாள். "எறங்கறாங்க," என்றார் தங்கமணி அம்மா.

அவரிடம் நான் மன்னிப்புக் கேட்டதில்லை. அவரும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு கேள்வி. கட்டடத்தைத் திறக்கிறேன் என்று சொல்லும் ஒவ்வொருவரிடமும் இப்போது முதலில் அதைத்தான் கேட்கிறேன்: நாங்கள் வரும்போது உள்ளே யாரைப் பூட்டி வைப்பீர்கள்? சிலர் கோபப்பட்டுப் போனை வைத்துவிடுகிறார்கள். போன வாரம் ஒருவர் கொஞ்சம் தயங்கிவிட்டு, "அப்படியெல்லாம் யாருமில்லீங்க," என்றார். எதற்குத் தயங்கினார் என்று தெரியவில்லை. நாளைக் காலை நேரில் போய்ப் பார்க்கப்போகிறேன்.