காய்ந்த சாக்கில் ஈரம்

1. மீற்றர் சொன்னது

கூரையில் காயப்போட்டிருந்த மிளகை அள்ளப் போய், என் கணவர் ஏணியிலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். மிளகுக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் நான் வியாபாரி ஆனேன்.

அலவத்துகொடையில் எங்கள் வீட்டின் முன்பக்கம்தான் கடை. பின்னால் படுக்கையறை, நடுவில் பலகைச் சுவர். சுற்றுவட்டாரத்து ஆட்கள் கொண்டுவரும் மிளகையும் கராம்பையும் வாங்கி, மொத்தமாகச் சேர்த்துக் கண்டிக்கு அனுப்புவது எங்கள் தொழில். என் கணவர் படுத்தபடியே சுவர் வழியாகக் கடையை நடத்தினார். எனக்கு அவர் கொடுத்தது ஈரம் பார்க்கும் மீற்றரும் ஒரே ஒரு புத்தியும்தான்.

"மீற்றரை நம்பு. உன்ட மனசக் கேக்காத. மனசுக்குச் சரக்குத் தெரியாது."

முதல் நாளே ஒருவர் மிளகோடு வந்தார். என்னை வாய்க்கு வாய் "தாத்தா" என்றார். எங்கள் பக்கத்தில் அது அக்காவைக் கூப்பிடும் முறை. அவருக்கு என்னைவிட இருபது வயதாவது கூடுதல் இருக்கும். சாக்கை அவரே அவிழ்த்தார், மீற்றரை எங்கே குத்த வேண்டும் என்றும் அவரே காட்டினார். எனக்கு என்னவோ போல இருந்தது. ஆனால் மீற்றர் நல்ல எண்ணைக் காட்டியது, வாங்கிவிட்டேன். வாரக் கடைசியில் சாக்கைக் கொட்டினால் மேலே காய்ந்த மிளகு, நடுவில் பூஞ்சணம். மீற்றர் பொய் சொல்லவில்லை. குத்திய இடத்தைப் பற்றி உண்மையைத்தான் சொல்லியிருந்தது.

2. மனசு சொன்னது

அதற்குப் பிறகு நான் மனசைக் கேட்கத் தொடங்கினேன். புதிதாகக் கற்ற எதையும் போல இதையும் அளவில்லாமல் செய்தேன். சிரித்துக்கொண்டு வந்தவரைத் திருப்பி அனுப்பினேன். சிரிக்காமல் வந்தவரையும் அனுப்பினேன். கொஞ்ச நாளில் எங்கள் கடையில் சாக்குகளைவிடக் காற்று அதிகமாக இருந்தது. சுவருக்குப் பின்னாலிருந்து அவர், "இன்டைக்கி உன்ட மனசு யார விரட்டிச்சு?" என்று கேட்பார்.

கெட்ட சரக்கு ஒன்றும் உள்ளே வரவில்லை என்பேன். நல்லதும் வரவில்லை என்பார்.

3. ராமையா அண்ணனின் கராம்பு

மடுல்கெல்லவிலிருந்து வரும் ராமையா அண்ணன் எங்களுக்குப் பழைய ஆள். தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்து, பிறகு சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வாங்கிக் கராம்பு நட்டவர். பஸ் மாறி மாறி வருவார். வந்ததும் தேத்தண்ணி குடிப்பார், ஊர்க்கதை பேசுவார், விலையில் சண்டை பிடிப்பார். அதற்குப் பிறகுதான் சாக்கை அவிழ்ப்பார்.

அந்தப் பூஞ்சண மிளகுக்குப் பிறகு எங்கள் கடையில் ஒரு வழக்கம் வந்தது. விற்க வந்தவரே சாக்கின் அடியிலிருந்து ஒரு பிடி அள்ளி, வாங்குகிறவர் உள்ளங்கையில் கொட்ட வேண்டும். காய்ந்த கராம்பு சலசலவென்று விழும். விரலால் தள்ளினால் உருண்டு ஓடும்.

அன்று அவர் தேத்தண்ணியைத் தொடவில்லை. விலையும் கேட்கவில்லை. அடியிலிருந்து ஒரு பிடி எடுத்துக் கொட்டினார். சத்தமே இல்லை. கராம்பு என் கையில் ஒட்டியது.

எனக்குள் ஏதோ திக்கென்றது. ராமையா அண்ணனுமா என்று நினைத்தேன். கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம். மீற்றரை மேலே குத்தினேன், நடுவில் குத்தினேன், அடியில் குத்தினேன். எல்லா இடத்திலும் நல்ல எண்.

"மீற்றர் என்ன சொல்லுது?" என்றது சுவர்.

"நல்லமுன்டு சொல்லுது."

"அப்ப எடு. அந்த மனுசனையும் விரட்டிராத."

மனசு ஒத்துக்கொள்ளவில்லை. இன்னொரு பிடி கேட்டேன். அதுவும் ஒட்டியது. மழையில் நனைந்த சாக்கா, யாரிடமாவது வாங்கிக் கலந்ததா என்று நான் துருவித் துருவிக் கேட்க, அவர் இல்லையென்று தலையை மட்டும் ஆட்டினார். முறைக்கு அவர் என்னிடம் சண்டைக்கு வந்திருக்க வேண்டும்.

கடைசியில் நானே சாக்குக்குள் முழங்கை வரை கையை விட்டேன். உள்ளே கதகதப்பாக இருந்தது. வெயிலில் நன்றாகக் காய்ந்த சரக்கு. நான் அள்ளிய பிடி சலசலவென்று விழுந்தது.

அப்போதுதான் சரக்கை விட்டுவிட்டு ஆளைப் பார்த்தேன். முகம் சாம்பல் பூத்திருந்தது. கழுத்தில் வியர்வை வழிந்தது. வெளியே தூறல், நான் சுவெட்டர் போட்டிருந்தேன். ஈரம் சாக்கில் இல்லை, அவர் கையில் இருந்தது.

"அண்ணே, நெஞ்சு நோவுதா?"

"வெறும் வாயுதாம்மா. பஸ்ல கெளம்பினதுலருந்து இருக்கு. நிறுத்துப் போட்டீங்கன்னா போயிருவேன்."

நான் நிறுக்கவில்லை. எதிர்வீட்டு த்ரீவீலரைக் கூப்பிட்டு அவரை ஏற்றி, நானும் ஏறினேன். சுவருக்குப் பின்னால் என் கணவர், சாக்கு இங்கே கிடக்க ஆளை எங்கே கொண்டுபோகிறாய் என்று கத்திக்கொண்டிருந்தார். அக்குறணையில் நெரிசல், கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் அதைவிட நெரிசல். ஒவ்வொரு இடத்திலும் அண்ணனின் உயிர் போய்விடுமோ என்று பயந்தேன். அவரோ வழியெல்லாம் கராம்புக்கு என்ன விலை போடுவீர்கள் என்று கேட்டுக்கொண்டு வந்தார். கண்டி ஆஸ்பத்திரியில் ஹார்ட் அட்டாக் என்றார்கள். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார்கள்.

4. கற்றது

புதிதாக வியாபாரத்துக்கு வருகிற பிள்ளைகள் என்னிடம், மனசு சொல்வதை நம்பலாமா என்று கேட்கிறார்கள். நம்பலாம். ஏதோ சரியில்லை என்பதை அது சரியாகவே சொல்லும். எது சரியில்லை என்று அதற்குச் சொல்லத் தெரியாது. அதை நீங்கள்தான் கையை விட்டுத் தேட வேண்டும். நான் ஒரு கள்ளனைத் தேடினேன், கிடைத்தது ஒரு நோயாளி. வீட்டிலும் இதே கதைதான். பிள்ளை போனில் "நல்லா ஈக்கிறன் உம்மா" என்று சொல்லி, எனக்கு என்னவோ போல இருந்தால், கோபப்படுவதற்கு முன்னால் சாப்பிட்டாயா என்று கேட்கிறேன்.

அடுத்த பருவத்தில் ராமையா அண்ணன் வந்தார். தேத்தண்ணி குடித்தார். ஆஸ்பத்திரியில் கிடந்தபோது விலை இறங்கிவிட்டது என்று என்னோடு சண்டை பிடித்தார். எனக்கு நிம்மதியாக இருந்தது. பிறகு சாக்கை அவிழ்த்து, இரண்டு கைகளையும் உடுத்தியிருந்த சாரத்தில் அழுத்தித் துடைத்தார்.

"தொடைக்காமக் கொட்டுங்கண்ணே" என்றேன்.